உன் வீரனுக்கு இரண்டாவது இதயம் வேண்டாம்

அன்புள்ள சரவணா,

உன் கடிதமும் கதையின் மூன்று அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது, அவர் கையால் காபி குடித்து எத்தனை வருஷமாச்சு. எனக்கு மறுபடியும் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் நைட் டியூட்டி. சரி, கதைக்கு வருகிறேன்.

மரபணு மாற்றிய உன் வீரன், தொடைத் தமனி அறுந்த பிறகும் இரண்டு இதயம் இருப்பதால் கால் மணி நேரம் சண்டை போடுகிறான். எனக்கு அங்கேதான் இடித்தது. ஓட்டை விழுந்த குழாய்க்கு இன்னொரு மோட்டார் மாட்டினால் தொட்டி சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதானே. 70 கிலோ ஆளுக்கு ரத்தம் சுமார் 5 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய அத்தனையையும் ஒரு சுற்று சுற்றவிடுகிறது. 2 லிட்டர் போனாலே உயிர் ஊசலாடும். அவனை 120 கிலோ ஆக்கினால் ரத்தம் 8 லிட்டரைத் தாண்டும், ஆனால் அந்த உடம்பு கேட்கிற ஆக்சிஜனும் கூடவே ஏறும்.

போன மாதம் ஒரு பையன் வந்தான், இருபது வயசிருக்கும், கண்ணாடிக் கதவு உடைந்து தொடை கிழிந்திருந்தது. பேசிக்கொண்டே வந்தான், பிரஷர் 110. கை மட்டும் சில்லென்றிருந்தது, நாடி 130. இளம் உடம்பு அப்படித்தான், கால்வாசி ரத்தம் போகும்வரை ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சமாளிக்கும், அப்புறம் ஒரே சரிவு. தண்ணி கேட்டான், கேட்டு முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. எங்கள் சீனியர் சிஸ்டர் காயத்துக்குள் கட்டைவிரலை விட்டு அழுத்தினார், தியேட்டருக்குள் போகும்வரை கையை எடுக்கவே இல்லை. பிழைத்துக்கொண்டான்.

மரபணுவை மாற்றிக் கொஞ்சம் நேரம் வாங்கலாம், அதற்கு நிஜ உதாரணமே இருக்கிறது. பின்லாந்தின் ஈரோ மான்டிரான்டா, 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய பனிச்சறுக்கு வீரர், பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றத்தால் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு மிக அதிகமாக இருந்தவர். தென்கிழக்கு ஆசியாவில் மூச்சடக்கிக் கடலில் மூழ்கும் பஜாவ் மக்களுக்கு மண்ணீரல் அக்கம்பக்கத்து மக்களைவிடச் சுமார் 50 சதவீதம் பெரிது, அது சுருங்கும்போது சேமித்த சிவப்பணு வெளியே வரும். இரண்டையும் அவனுக்குக் கொடு. ஆனால் ரத்தம் நொடியில் உறையும் என்று எழுதாதே. பிறவியிலேயே சட்டென்று உறையும் ரத்தம் உள்ளவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தக் கட்டி உண்டாகி நுரையீரலில் போய் அடைக்கிற ஆபத்து அதிகம், ஒரு கீறல்கூட இல்லாமலே.

நானாக இருந்தால் மூளையில் கை வைப்பேன். ரத்த ஓட்டம் நின்றால் பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு போகும், நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்குள் வாழ்கிற, உடம்பில் ஏறக்குறைய முடியே இல்லாத ஒரு வளை எலி துளி ஆக்சிஜன் இல்லாமல் 18 நிமிடம் தாக்குப்பிடிக்கிறது, பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையை எரித்து மூளையையும் இதயத்தையும் காப்பாற்றிக்கொள்கிறது. அந்த நேரம் முழுக்க அசையாமல் கிடக்கும். 1999-இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய அன்னா போகன்ஹோம் என்ற டாக்டர், உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கி, இதயமே நின்று, பிழைத்து எழுந்தார். அவரைக் காப்பாற்றியதும் அந்தக் குளிர்தான், மூளை கேட்கிற ஆக்சிஜனை அது அவ்வளவு குறைத்துவிட்டது. அதனால் உன் வீரனை நிற்க வைக்காதே டா. அடிபட்டதும் விழட்டும், உடம்பு சில்லிட்டு அடங்கட்டும், அப்படிக் கிடந்தால்தான் நான் நம்புவேன். மகாதமனி கிழிந்தாலோ மூளைத்தண்டில் குண்டு பாய்ந்தாலோ எந்த மரபணுவாலும் ஆகாது. கை திரும்ப முளைப்பதற்கும் மாதக்கணக்கும் மூட்டை மூட்டையாகச் சாப்பாடும் வேண்டும்.

மூன்றாவது அத்தியாயத்தில் அவனோடு வந்த பெண்ணை ஏன் ஓடவிட்டாய்? அவள் இருக்கட்டும். அவன் தொடையில் முட்டியை ஊன்றி, முழு எடையையும் போட்டு, ஆள் வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்கட்டும்.

நாலாவது அத்தியாயத்தையும் அனுப்பு. பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லி வை.

அன்புடன்,
முருகன்