சர்வமதக் குழுக்கள் குழப்பத்துக்குப் பிறகு மட்டும் கூடினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வெளியான சர்வமத ஒன்றுகூடல் பற்றிய செய்தியையும் படத்தையும் கண்டேன். குத்துவிளக்கின் திரிகளைத் தேரரும் குருக்களும் அருட்தந்தையும் ஏற்றுகின்றனர். விளக்கேற்றுவது தமது மார்க்கத்தில் இல்லை என்பதால் மௌலவி சற்று விலகி நிற்கின்றார். எஞ்சிய திரியைப் பிரதம அதிதியாக வந்த அரசியல்வாதி ஏற்றுகின்றார். கொழும்பின் வடபகுதியில் வாழும் எங்களுக்கு இது பழகிப்போன காட்சி. எங்காவது குழப்பம் நடந்து முடிந்த சில வாரங்களில் இப்படியொரு கூட்டம் கூடும், நால்வரும் நல்லிணக்கம் குறித்து நல்ல வார்த்தைகள் சொல்வார்கள், தேநீர் அருந்திவிட்டு அவரவர் வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த குழப்பம் வரும்வரை ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைக்கவேண்டிய தேவைகூட அவர்களுக்கு நேர்வதில்லை. அத்தகைய கூட்டங்களை நான் ஏளனம் செய்யவில்லை. எல்லாச் சமயத்தவரையும் ஒருசேர வருத்தும் ஏதாவது ஒரு காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர் அமைதியாக இருக்கும் காலத்திலேயே அவை மாதந்தோறும் கூட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கொட்டாஞ்சேனைவாசிகள் இதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தீபதுத்தாராம விகாரையை நோக்கி வந்த பெரஹராவைக் கத்தோலிக்கர் கூட்டமொன்று தாக்கியது. தமது புனிதர்களை இழிவுபடுத்தும் உருவங்கள் ஊர்வலத்தில் எடுத்துவரப்படுகின்றன என்று பரவிய வதந்திதான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. தமக்கு நீதி கிடைக்கவில்லை என்ற பௌத்தர்களின் மனக்குறை, பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அமெரிக்கரான ஒல்கொட்டின் முயற்சிகளுக்கு வலுச்சேர்த்து, 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையாவதில் முடிந்தது வேறு கதை. 135 ஆண்டுகள் கழித்து, 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்துச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை தருவதற்கு முன்பே பள்ளிவாசல் தாக்கப்பட்டுவிட்டது. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இந்த இடைவெளியில் வதந்தி ஓடும் வேகந்தான் கூடியிருக்கின்றது. அறிக்கைகளால் அதை எட்டிப்பிடிக்க முடியாது. தன் சபையார் நம்பக்கூடிய ஒருவர், மறுபக்கத்தில் உள்ளவரை அந்த இரவே அழைத்துக் கேட்டு, ‘விசாரித்துவிட்டேன், அப்படி எதுவும் இல்லை’ என்று தன் மக்களிடம் சொல்ல வேண்டும். அதற்கு அவ்விருவருக்கும் முன்பே பழக்கம் இருக்க வேண்டும். மேடையில் அருகருகே அமர்ந்திருந்தது அந்தப் பழக்கமாகிவிடாது.

உள்ளிருந்து எழும் எச்சரிக்கைக்கு வெளியே செவிசாய்ப்பவர்கள் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதையும் நாம் கண்டுவிட்டோம். 2019 உயிர்த்த ஞாயிறு தற்கொலைத் தாக்குதல்களுக்குத் தலைமைதாங்கிய சஹ்ரானின் போக்கைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் 2017இலேயே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின்னர் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலுமாக 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பழிவாங்கும் எண்ணம் வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் அவர்கள் தம் மக்களைக் கேட்டுக்கொண்டது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனாலும் மே மாதத்தில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறைக் கும்பல்கள் இறங்கியபோது, அவர்களைத் தடுக்கும் பலம் எந்தச் சர்வமதக் குழுவுக்கும் இருக்கவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். கொவிட் தொற்றினால் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் தகனம் செய்யவும் முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கூறியிருந்தும், அடுத்த மாதம் வெளியான வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளையில் எரியூட்டப்பட்ட செய்தி வந்ததும், கனத்தை மயானத்தின் இரும்பு வாயிலில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். கைக்குட்டைகளும் கிழித்த துணிகளும் கம்பிக்குக் கம்பி தொங்கின. கட்டியவர்கள் எல்லாச் சமயத்தையும் சேர்ந்தவர்கள். அவர்களுள் தனிப்பட்ட முறையில் வந்த சமயத் துறவிகளும் இருந்தார்கள். எங்கள் பகுதியில் வழமையாக மேடையேறும் குழு மட்டும், ஒரு குழுவாக, வாய் திறக்கவில்லை. அது அரசியல் விடயம் என்று உறுப்பினர் ஒருவர் என்னிடம் விளக்கம் சொன்னார். இறந்த பிள்ளையை எந்த முறையில் மண்ணுக்கு அனுப்புவது என்பதைவிடச் சமயத்துக்கு நெருக்கமான விடயம் வேறு எது இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்து, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அது ஆரம்பமானபோது, கொழும்பில் இறந்தவர்களின் ஜனாஸாக்களும் நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே அடக்கப்பட்ட 3,600க்கும் மேற்பட்டோரில் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருக்கின்றார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. முஸ்லிமின் துயரத்துக்காக மௌலவி பேசுவதில் புதுமையில்லை. எங்கள் பகுதிக் குழுவின் தேரரும் குருக்களும் ஆயரும் தங்கள் பெயரையும் பதவியையும் இட்டு, குழந்தை எரியூட்டப்பட்ட அந்த டிசம்பரிலேயே ஒரு கடிதம் எழுதியிருந்தால், அதைத்தான் சர்வமத உரையாடல் என்று சொல்லியிருப்பேன்.

இப்போது எங்கள் பகுதியை அரித்துக்கொண்டிருக்கும் பிரச்சினை போதைப்பொருள். அடுத்த தோட்டக் குடியிருப்பில் வசிக்கும் தாயொருவரின் மகன் ஐஸ் என்ற போதைப்பொருளின் பழக்கத்துக்கு ஆளானான். முதலில் எரிவாயு சிலிண்டர் வீட்டிலிருந்து காணாமற்போனது, பிறகு தங்கையின் தோடு. அந்தத் தாய் பொலிஸ் நிலையத்துக்குப் போகவில்லை. போனால் பையனை உள்ளே போட்டுவிடுவார்கள் என்ற பயம். மாரியம்மன் கோவிலில் நூல் கட்டினார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினார், அன்றைக்கு அங்கே எல்லாச் சமயத்தவரும் வரிசையில் நிற்பது கொழும்பில் யாவரும் அறிந்ததே. அயலவர் சொன்னதைக் கேட்டு, ஓதிய தண்ணீர் வாங்க ஒரு மௌலவியிடமும் போனார். மூன்று இடங்களிலும் ஆறுதல் கிடைத்தது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கு ஆலோசனை நிலையங்கள் உண்டு என்பதைச் சொல்ல மூன்று இடங்களிலும் ஆளில்லை. அதை ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சொல்லித்தான் அவர் அறிந்துகொண்டார், அதுவும் பல மாதங்கள் கழித்து.

சாதாரண மக்கள் எந்த மாநாட்டுத் தீர்மானத்துக்கும் காத்திராமல் சமய எல்லைகளைத் தாண்டிவிட்டார்கள் என்பதை இதிலிருந்து உணரலாம். சமயத் தலைவர்கள் அவர்களைப் பின்தொடர்ந்தாலே போதும். விகாரை மண்டபத்தில் ஒரு மாதம், பள்ளிவாசலில் ஒரு மாதம், பங்கு மண்டபத்தில் ஒரு மாதம், கோவில் மடத்தில் ஒரு மாதம் என்று முறைவைத்து, தமிழும் சிங்களமும் தெரிந்த ஆலோசகர் ஒருவரை ஒரு மாலைப்பொழுது அமர்த்தலாம். இதிலுள்ள அனுகூலம் மண்டபவாடகை மிச்சமாவது மட்டுமல்ல. பிள்ளை கெட்டுப்போனதைத் தன் கோவில் சனம் அறிந்துவிடும் என்று கூசுகின்ற தாய், பள்ளிவாசல் மண்டபத்துக்குத் தயங்காமல் போவார். தன் ஜமாஅத்தின் பேச்சுக்கு அஞ்சும் தகப்பன் பங்கு மண்டபத்தில் வாய்திறப்பார். வெட்கத்தை மறைக்க அயலானின் கூரை உதவும் என்பது எங்கள் முடுக்குகளில் எல்லோருக்கும் தெரியும். இந்த உதவியை ஒரு சமயத்தார் தனித்துச் செய்ய இயலாது.

இதற்கு நம் ஊரில் முன்னோடிகள் இல்லாமலில்லை. அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய 1971இல் மருதானையில் சமூக, சமய ஆய்வு நிலையத்தைத் தொடங்கியதும், அருட்தந்தை அலோசியஸ் பீரிஸ் 1974இல் களனியில் துலான என்ற ஆய்வு நிலையத்தைத் தொடங்கியதும், சமயங்கள் சந்திக்கும் இடத்தில் ஏழையின் பாடும் பேசப்பட வேண்டும் என்ற நம்பிக்கையில்தான். தேசிய சமாதானப் பேரவை மாவட்டந்தோறும் சர்வமதக் குழுக்களை அமைத்துப் பணியாற்றி வருகின்றது. அமைப்புகளுக்குக் குறைவில்லை.

தடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழும்பில் நான் போயிருந்த கூட்டங்கள் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடந்தன. தமிழ் பேசுவோருக்கு முடிவில் ஐந்து நிமிடச் சுருக்கம் கிடைக்கும், கேள்வி கேட்கும் நேரம் அதற்குள் முடிந்திருக்கும். பெண்களைத் தேநீர் மேசைக்கருகில்தான் காணலாம், பிள்ளைகளின் பிரச்சினையை முதலில் அறிபவர்கள் அவர்களாக இருந்தும். உதவி என்ற பெயரில் மதமாற்றம் நடக்குமோ என்ற ஐயமும் உண்டு. 2004இல் அதைத் தடுக்கச் சட்டமூலம் கொண்டுவருமளவுக்கு அந்த ஐயம் வளர்ந்திருந்ததால், அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிடுவது விவேகமாகாது. ஆலோசனை நடக்கும் மாலையில் பிரசங்கமும் துண்டுப்பிரசுரமும் கிடையாது என்று நான்கு தரப்பும் முதற்கூட்டத்திலேயே எழுதி ஒப்பமிட்டுவிடலாம். அரசியல்வாதிகளை அழைப்பதில்லை என்பதையும் அதே தாளில் எழுதிவிட்டால் எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி.

தங்கள் பத்திரிகையும் இதில் ஓர் உதவி செய்யலாம். அடுத்தமுறை இத்தகைய கூட்டத்துக்கு நிருபரை அனுப்பும்போது, கடந்த கூட்டத்தில் எடுத்த தீர்மானம் என்னவாயிற்று, அடுத்த கூட்டம் எந்தத் திகதியில், எந்த மொழிகளில் நடக்கும், பெண்கள் எத்தனைபேர் உறுப்பினராக உள்ளனர் என்பவற்றைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை இந்தப் பதில்களுக்குத் தந்தால் போதும்.

இங்ஙனம்,
கொட்டாஞ்சேனை வாசகர்,
கொழும்பு 13.