செர்மாட் ஹோட்டல் வாசலுக்குக் கார் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் 'மூன்று நாள் ஆல்ப்ஸ் சொகுசு' கட்டுரையில், சூரிச்சில் காரை எடுத்தால் சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு ஊரான செர்மாட்டில் ஹோட்டல் வாசலிலேயே இறங்கிவிடலாம் என்று ஒரு வரி. செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததா? காரை 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு 12 நிமிடம் ரயிலில் வரவேண்டும். சூரிச்சிலிருந்து ரயிலிலேயே வந்தால் விஸ்ப் நிலையத்தில் ஒரு முறை ரயில் மாறவேண்டும், மொத்தம் மூன்றரை மணி நேரம். ரயில் நேரத்தை முன்பே சொல்லிவைத்தால் பெரிய ஹோட்டல்கள் நிலையத்துக்கு மின்வண்டி அனுப்பும். சொகுசு என்று எழுத இதைவிட நல்ல இடம் கட்டுரையாளருக்குக் கிடைத்திருக்காது.

அதோடு விட்டாரா? "இரண்டாம் நாளே இத்தாலிக்குச் சறுக்கிப் போய் மதிய உணவு" என்கிறார். புதிதாகப் பழகுபவர் இரண்டாம் நாளில் நிற்கப் பழகினாலே பெரிது. மலைக்கு அந்தப்பக்கம் இத்தாலியில் இருக்கும் செர்வீனியாவுக்குப் போக எல்லை கடக்கும் சீட்டு தனியாக எடுக்கவேண்டும், காசும் கூட. மேலே காற்று பலமானால் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது இத்தாலியில் மாட்டிக்கொண்டவர் கிரேட் சென் பெர்னார்ட் சுரங்கம் வழியாக டாக்சியில் மணிக்கணக்காகச் சுற்றித்தான் திரும்பவேண்டும். அந்த டாக்சிக் கட்டணத்தைத் தங்கள் அலுவலகம் கொடுக்குமா?

இங்கே ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடையில் நிற்கிற எனக்கு, இப்படிப்பட்ட கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். காலில் இரண்டு கம்பளிக் காலுறை, இடுப்பில் ஜீன்ஸ். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. இரண்டு காலுறை மடிப்பு விழுந்து இரத்த ஓட்டத்தை இறுக்கும், கால் இன்னும் விறைக்கும். மெல்லிய நீளக் காலுறை ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஸ்கீ சப்பாத்தைப் போட்டு நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கம் இலேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விலகவேண்டும். குதி மேலே எழும்பினால் அது அளவில்லை.

எடையைக் கேட்டால் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்கிறார்கள். எடை, உயரம், வயது, திறமை, சப்பாத்தின் அடி நீளம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கைத் திருகி வைக்கிறோம். எடையைக் குறைத்துச் சொன்னால் ஸ்கீ கண்ட இடத்தில் கழன்றுவிடும். "நன்றாகச் சறுக்குவேன்" என்று பெருமை பேசினால் விழும்போது கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். சப்பாத்தின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு முதலில் முன்கால், பிறகு குதி. இதில் ஒரு வரியாவது கட்டுரையில் உண்டா? ஹோட்டல் குளியல் தொட்டிக்கு மட்டும் அரைப் பக்கம்!

தங்களிடம் இது புதிதும் அல்ல. முன்பு ஐகர் மலையின் படத்தைப் போட்டு இந்த ஊர் மலையான மாட்டர்ஹார்ன் என்றீர்கள், எழுதினேன், பிரசுரமாகவில்லை. ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீடே எல்லாவற்றுக்கும் போதும் என்று இன்னொரு கட்டுரை. பல காப்பீடுகள் பனிச்சறுக்கு விபத்தை விலக்கி வைத்திருப்பதை ஒரு முறை படித்துப் பார்த்தாலே தெரியும். ஹெலிகாப்டர் வந்தால் பில் ஆயிரக்கணக்கான பிராங்கில் வரும். மலையிலிருந்து சறுக்குப் படுக்கையில் வைத்து இறக்கினாலும் பணம்தான்.

கடைசி நாள் மதியம் வரை சறுக்கிவிட்டு அன்றிரவே விமானம் ஏறச் சொல்கிறது கட்டுரை. 2018 ஜனவரியில் கடும் பனியால் பாதையும் ரயிலும் நின்று சுமார் 13,000 பயணிகள் இந்த ஊருக்குள் முடங்கிக் கிடந்தார்கள். தங்கள் பத்திரிகையிலும் அந்தச் செய்தி வந்திருக்கும். முந்தின இரவே சூரிச்சுக்கு இறங்கிவிடுவதுதான் புத்தி.

முழுக் கட்டுரையையும் திருத்தி எழுதும்படி கேட்கவில்லை. கார் டேஷ் வரைதான் போகும், காப்பீட்டில் பனிச்சறுக்கு உண்டா என்று பார்க்கவேண்டும் என இரண்டு வரி அடுத்த இதழில் போட்டால் போதும். இடம் இல்லையென்றால் குளியல் தொட்டிப் படத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
வாலிஸ் மாநிலம், சுவிட்சர்லாந்து