அறக்கட்டளை நிதி: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு நம் பேட்ச் அறக்கட்டளைப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வரும் ஞாயிறு (15ஆம் தேதி) காலை 10.30 மணி, அடையாறில் செயலாளர் வீடு. வர முடியாதவர்களுக்கு கூகுள் மீட் லிங்க் சனிக்கிழமை வரும்.

1. பரிசீலனையில் இரண்டு: வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட திருநங்கை, திருநம்பி மாணவர்களுக்கு விடுதிக் கட்டணம், தன்பாலீர்ப்பாளர்களுக்கு மனநல ஆலோசனை. என் ஓட்டு முதலாவதற்கு. 2008இல் வந்த தமிழக அரசின் திருநங்கைகள் நலவாரியம், திருநர் உரிமைகளை ஏற்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு (நால்சா வழக்கு) எல்லாம் இருக்கின்றன. ஆனால் மாதம் பிறந்தால் வாடகையை யாராவது கட்டியாக வேண்டுமே.

2. வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அமெரிக்கா, கனடா என்று குடியுரிமை வாங்கியவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு நம்மிடம் இல்லை. "தம்பி கணக்கில் போட்டு அனுப்பட்டுமா?" என்று சிலர் கேட்டீர்கள். அதுவும் கூடாது.

3. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் வரிச்சலுகை கிடையாது. பான் எண்ணைப் பொருளாளருக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள்.

4. உதவி பெறுபவர்களின் பெயர், படம் கேட்கக் கூடாது. காசோலையோடு போட்டோவும் கிடையாது, சரியா?

நேரிலா, இணையத்திலா என்று வியாழன் இரவுக்குள் பதில் எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் எதற்கு என்று புரிவதில்லை.