காய்ச்சல் இறங்கினாலும் கவனிப்பு தொடர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில், 'காய்ச்சல் இறங்கிவிட்டால் நோய் எதிர்ப்பு அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்' என்று ஒரு வரி இருந்தது. எல்லாத் தொற்றுக்கும் அது பொருந்தாது.

2020 மே மாதத்தில் சென்னையிலேயே கொரோனா அதிகம் இருந்தது எங்களை அடுத்த ராயபுரம் மண்டலத்தில்தான். ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தவர்களில் மீன் விற்கிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று எத்தனையோ பேர் மாதக்கணக்கில் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உனக்கு உடம்பு வளையல' என்ற பேச்சையும் அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு அநியாயம். ஏன் என்று சொல்கிறேன்.

சிவப்பணு போன்ற சில தவிர, நம் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மேல் நூல்கண்டுபோல் சுற்றிக் கிடக்கிறது. இறுகிய இடத்து மரபணு ஓய்ந்திருக்கும், தளர்ந்த இடத்தது வேலை செய்யும். மரபணுவின் எழுத்தைத் தொடாமல் இந்த இறுக்கத்தை மாற்றுகிற வேதிக்குறிகள்தான் எபிஜெனடிக் குறிகள். வைரஸ் நுழைந்ததும் எதிர்ப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்வதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. வைரஸும் இதில் கைவைக்கிறது. எச்3என்2 ஃப்ளூ வைரஸின் ஒரு புரதம் ஹிஸ்டோனின் வால்பகுதியைப்போல் வேடமிட்டு எதிர்ப்பு மரபணுக்களை முடக்குவதை 2012-இல் கண்டறிந்தார்கள்.

2023-இல் 'செல்' ஆய்விதழில் வந்த முடிவுதான் என்னை உலுக்கியது. மோனோசைட் என்ற வெள்ளணு ரத்தத்தில் சில நாட்களே இருக்கும். ஆனால் கடும் கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் மோனோசைட்டுகளில் ஓராண்டு வரைகூட மாறிய குறிகள் தெரிந்தன. அத்தனை குறுகிய ஆயுள் உள்ள அணுவில் ஓராண்டுத் தடம் எப்படி? அவற்றை உண்டாக்கும் ரத்த மூலச்செல்களிலேயே குறிகள் மாறியிருந்தன. அங்கிருந்து பிறக்கும் அணுக்கள் அழற்சிக்கு, அதாவது உடலின் தற்காப்புக் கொந்தளிப்புக்கு, தயாராகவே பிறக்கின்றன. ஐ.எல்-6 என்ற சமிக்ஞைப் புரதத்துக்கு இதில் பங்கு உண்டு என்றும் அந்த ஆய்வு காட்டியது.

எல்லாச் சோர்வுக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகை, தைராய்டு, இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இந்தத் தடம் எப்போதும் கெடுதலும் அல்ல. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோய் தவிர வேறு சில கிருமிகளுக்கும் எதிராக உடலைத் தயார்படுத்துவது இதே வழியில்தான். ஆனால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களிடம் 'எதிர்ப்பு சக்தி ஏற்றும்' பொடிகளை விற்கிறார்களே, அதைப் பார்க்க மனம் கொதிக்கிறது. ஏற்கெனவே அளவுக்கு மீறி விழித்திருக்கும் அமைப்பை இன்னும் ஏற்றி என்ன பயன்? அந்தப் பணத்தில் முட்டையும் கீரையும் வாங்கலாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். கடந்த ஓராண்டில் வைரஸ் காய்ச்சலுக்கு மருத்துவமனையில் படுத்தீர்களா, இப்போது பழையபடி வேலை செய்ய முடிகிறதா என்று அவர்கள் கூடுதலாகக் கேட்கட்டும். முடியவில்லை என்பவரை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, ஓராண்டாவது தொடர்ந்து கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை