பதினைந்து நிமிடத்தில் ஒரு பகல் அடங்காது

நம் முன்னோர் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் வந்து இறங்கியதைக் கொண்டாடும் நவம்பர் 16 விழாக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் பதில் வந்தது. "நடனம் நல்ல யோசனை, ஆனால் 15 நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடப்போகிற பெண் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு நாங்கள் கேட்டது சூரியன் எழுவதிலிருந்து மறைவது வரை. நவம்பரில் டர்பனில் அது 13 மணி நேரத்துக்கும் மேல். கரும்புத் தோட்டத்தில் களை கொத்தும் கையசைவு ஒன்று, பரதத்தில் முதலில் பழகும், காலால் தரையைத் தட்டும் தட்டடவு ஒன்று, ஆட்டம் அவ்வளவுதான். மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க உட்காருவாள். பார்ப்பவர்கள் வரலாம், போகலாம், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம்.

"இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று உங்களில் ஒருவர் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டுக் கராஜில் நாலு மணி நேரம் ஒத்திகை பார்த்தோம். தட்டுக்கழி என் கையில். முதல் அரை மணி எனக்கே சலிப்பு. தாளம் போட்டபடியே கண் போனைத் தேடியது. அப்புறம் அவள் குதிகால் விழும் ஓசை மாறியது. வாசலில் கிடந்த வெயில் மெல்ல உள்ளே வந்து அவள் காலைத் தொட்டு, சுவரில் ஏறியது. மூன்றாவது மணியில் களை கொத்தும் அவள் கை பாதியிலேயே நின்று நின்று போனது. சட்டென்று எங்கள் ஆயா ஞாபகம். தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் தூக்கத்தில் அவள் வலது கை அப்படித்தான் இழுக்கும். அடியோடு மறந்திருந்தேன். அன்றைக்கு 15 நிமிடத்தில் எழுந்து போயிருந்தால் ஆயா வந்திருக்க மாட்டாள்.

நாட்டியத்தில் வேகத்துக்குப் பேரே காலம்தானே? பிள்ளைகள் ஆடும்போது வேகமான மூன்றாம் காலத்துக்குத்தான் நாம் கை தட்டுவோம். இவள் பகல் முழுக்க, எல்லாவற்றிலும் மெதுவான முதற்காலத்தைப் பிடித்து நிற்கப் பார்க்கிறாள். உடம்பு தளரத் தளர அதுவும் இழுபடும். இழுபடட்டும், அதைத்தான் காட்ட வேண்டும் என்கிறாள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததைத்தான் கொண்டாடுகிறோம். அதில் வந்தவர்கள் பல வருஷ ஒப்பந்தத்தில் கூலி வேலைக்கு வந்தவர்கள், முதல் வருஷக் கூலி மாதம் 10 ஷில்லிங். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு பகலைத்தான் கேட்கிறோம்.

தைவானில் பிறந்த டெச்சிங் ஷியே என்ற கலைஞர் 1980இல் தொடங்கி ஒரு வருஷம், நியூயார்க்கில், ஒரு கலைப்படைப்பாகவே, வேலை நேரம் பதியும் தொழிற்சாலைக் கடிகாரத்தில் மணிக்கு ஒருமுறை அட்டை குத்தினார். இரவிலும்தான். நம் ஊர்த் துணி ஃபேக்டரிகளில் கிளாக் கார்டு குத்திய அக்காமாருக்கு அதை விளக்கவே வேண்டாம்.

நீண்ட ஆட்டம் நமக்கென்ன புதிதா? 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று இங்கே பேர் வாங்கிய தெருக்கூத்து விடிய விடிய நடந்ததுதான். போன வருஷம் உங்கள் மேடையில் வரவேற்புரைகள் மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடின. (கடிகாரம் பார்த்தது நான் ஒருவன்தான் போலிருக்கிறது.)

எங்களுக்கு மேடை வேண்டாம். மைதானத்தின் ஓரத்தில், ஒலிபெருக்கிக்குத் தள்ளி, பத்தடி இடம் போதும். முதலுதவி தெரிந்த ஒருவர், கொஞ்சம் தண்ணீர், நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி. 15 நிமிடம்தான் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், சரி, அதைப் பிள்ளைகளின் கோலாட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கடற்கரைக்கு அனுமதி கேட்டுக்கொள்கிறோம். காலை நாலரைக்கே வருகிறவர்களுக்கு என் வீட்டு டீ உண்டு. உங்களுக்கும்தான்.

இப்படிக்கு,
தாளம் போடுகிறவன்,
சாட்ஸ்வொர்த்