இம்போசிஷன் வேண்டாம், காரணம் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தாருக்கும் மூன்றாம் வகுப்பு ஆங்கில ஆசிரியைக்கும்,

வணக்கம். காரைக்குடியிலிருந்து உங்கள் மாணவி ஒருத்தியின் அப்பத்தா எழுதுகிறேன். போன வாரத்து ஆங்கில ஒருமை பன்மைத் தேர்வில் 'ரூஃப்' என்பதன் பன்மையை 'ரூவ்ஸ்' என்று எழுதிய என் பேத்திக்கு, சரியான சொல்லை நூறு முறை எழுதும்படி இம்போசிஷன் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்க்காததை மட்டும் சொல்கிறேன்.

அன்று விளக்கு வைத்த பிறகு, வளவில் உட்கார்ந்து 'ரூஃப்ஸ்' என்று நூறு முறை எழுதினாள் பேத்தி. அறுபதைத் தாண்டியதும் எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிட்டது. நடுவிரலில் பென்சில் அழுத்திய இடம் சிவந்து பள்ளமாகிவிட்டது. முற்றத்தைச் சுற்றிச் சரியும் எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "லீஃப் மட்டும் லீவ்ஸ் ஆகலாம், ரூஃப் ஏன் ரூவ்ஸ் ஆகக் கூடாது அப்பத்தா?" என்று கேட்டாள்.

எஃப்பில் முடிந்தால் 'வெஸ்' போடு என்று சொல்லிக்கொடுத்தது உங்கள் வகுப்புதான். அவள் அதை நம்பினாள். குளம்பைக் குறிக்கும் 'ஹூஃப்' இரண்டு விதமாகவும் பன்மை ஏற்கிறது. 'ரூவ்ஸ்' என்றே சொல்லும் ஆங்கிலேயரும் உண்டு. தேர்வுக்கு ரூஃப்ஸ்தான் சரி, ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண்ணைக் குறையுங்கள். இம்போசிஷன் எதற்கு?

நான் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவள். 'ஃபோர் கவ்' என்று எழுதும் பிள்ளை சோம்பேறி அல்ல. நமக்கு 'நாலு மாடு' என்றாலே போதும். மாடு வந்தது, மாடு வந்தன என்று வினைதான் எண்ணைக் காட்டும். பால் பகா அஃறிணைப் பெயர் என்று நாமே பாடம் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எண்ணைச் சொன்ன பிறகும் பெயரில் 'ஸ்' வேண்டும். 'பஸ்' முடிவிலேயே 'ஸ்' இருப்பதால் நடுவில் ஓர் உயிரொலி வந்து 'பஸ்ஸஸ்' ஆகிறது. நம் தமிழின் சொற்புணர்ச்சியை அறிந்த பிள்ளைக்கு இது இரண்டு நிமிடப் பாடம். அந்த இரண்டு நிமிடத்தையும் தமிழில் பேசக் கூடாது என்று ஆசிரியையின் வாயைக் கட்டிவைத்திருக்கிறீர்கள்!

'சில்ட்ரன்ஸ்' என்று எழுதிய பையனை வாசலில் நிற்க வைத்தீர்களாம். 'சில்ட்ரன்' என்பதே, 'சில்டர்' என்ற பழைய பன்மையின் மேல் இன்னொரு பன்மை விகுதியை ஆங்கிலேயர் ஏற்றியதால் வந்த சொல். அவர்கள் செய்ததையே அந்தப் பையனும் செய்திருக்கிறான். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது என்பதைப் பள்ளி நடத்துபவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியிருப்பதே வேதனை.

கோபத்தில் ஒரு சொல் கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். இம்போசிஷனை நிறுத்துங்கள், காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். திருத்தி வந்த பேத்தியின் நோட்டில் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன, அவள் கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைச் சொல்லுங்கள். தமிழில் சொல்ல அனுமதியுங்கள்.

அன்புடன்,
ஓர் அப்பத்தா