போன் பேசியதால் வந்த நோயா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கைப்பேசிக் கதிர்வீச்சு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 'புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது' என்று முடிகிறது. அந்த நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. அதன் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011இல் இக்கதிர்வீச்சை '2பி' பிரிவில் சேர்த்தது உண்மை. சந்தேகத்துக்கு ஓரளவு இடமுண்டு, உறுதியில்லை என்பதே அதற்குப் பொருள். புகையிலை இருப்பது, உறுதியாகப் புற்றுநோய் தருபவை அடங்கிய முதல் பிரிவில்.

கட்டுரையாளர் பெரிதாக எடுத்துக்காட்டியிருப்பது, 13 நாடுகளில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான 'இன்டர்ஃபோன்' ஆய்வை. மிக அதிக நேரம் பேசியதாகச் சொன்னவர்களிடையே மட்டும் கிளையோமா என்ற மூளைக் கட்டி சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் நோய் வந்த பிறகு, பழைய நாட்களை நினைவுகூரச் சொல்லி வாங்கிய கணக்கு அது. நம்பவே முடியாத அளவு மணிநேரம் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். இந்தக் குறையை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளைப் பரிசீலித்து 2024இல் வெளியான தொகுப்பாய்வு, பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்கிறது. அது கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் அக்காவுக்கு மூளையில் கட்டி வந்தபோது, பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, 'எந்தக் காதில் வைத்துப் பேசுவாய்?' என்பது. கட்டி இருந்தது வலப்பக்கம். அவர் பேசுவதும் வலக்காதில். அது போதுமானதாக இருந்தது அவர்களுக்கு. தலைமுடி கொட்டிக் கிடந்த நாட்களில், தன் நோய்க்குத் தானே காரணம் என்று நம்பி அவர் அழுததை நான் பார்த்தேன். மருத்துவர் எவ்வளவு சொல்லியும் மனம் ஆறவில்லை.

கட்டுரை பரிந்துரைக்கும் 'கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்' வீண்செலவு. அது அலையை உண்மையிலேயே மறித்தால், செல்போன் கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். சிக்னல் குறைவான இடத்திலும் இதுவே நடக்கிறது. அச்சம் தீராதவர்கள் இயர்போனிலோ ஸ்பீக்கரிலோ பேசலாம். போன் தலையை விட்டுச் சற்று விலகினாலே உடலில் படும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

2024 தொகுப்பாய்வின் முடிவை, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி